உட்ஸ்டாக் அருங்காட்சியகம்: ஒரே நாளில் பைக்கில் போய் வரலாமா?

கேள்வி (10 ஜூன் 2025)

அண்ணா, நான் நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் இருக்கிறேன். பைக் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. இந்தச் சனிக்கிழமை உட்ஸ்டாக் ஊருக்குப் போய், 1969இல் இசை விழா நடந்த இடத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பலாம் என்று நினைக்கிறேன். கூட இருக்கிறவர்கள், “அங்கே புல்லைத் தவிர ஒன்றும் இல்லை, அதைப் பார்க்க அவ்வளவு தூரமா” என்கிறார்கள். போகலாமா, வேண்டாமா?

10 ஜூன், இரவு

போகலாம் தம்பி. ஆனால் முதலில் ஊரை மாற்றுங்கள். ஜிபிஎஸ்ஸில் ‘உட்ஸ்டாக்’ என்று போட்டால் அது உங்களை உட்ஸ்டாக் ஊருக்கே கொண்டுபோய் விட்டுவிடும். நல்ல ஊர்தான், ஆனால் விழா அங்கே நடக்கவில்லை. அங்கிருந்து தென்மேற்கே 40 மைல் தள்ளி, அதே நியூயார்க் மாநிலத்தில், சல்லிவன் கவுண்டியில், பெத்தல் என்கிற சின்ன ஊரில் மேக்ஸ் யாஸ்கர் என்பவருடைய பால் பண்ணையில் நடந்தது. விழா நடத்திய கம்பெனிக்கு உட்ஸ்டாக் வென்ச்சர்ஸ் என்று பெயர். ஊர் கைமாறியும் பெயர் மட்டும் மாறவில்லை. நீங்கள் தேட வேண்டியது ‘பெத்தல் உட்ஸ்’. அருங்காட்சியகம் இருக்கிற வளாகத்தின் பெயர் அதுதான்.

புல் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. 2022இல் நான் தனியாகப் போனேன். அருங்காட்சியகத்தில் இரண்டரை மணி நேரம் இருந்தேன், அந்தப் புல் சரிவில் அதைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று பிறகு எழுதுகிறேன். காலையில் வேலைக்குப் போக வேண்டும்.

11 ஜூன், காலை

வழி. நான் பார்சிப்பனியிலிருந்து கிளம்புவேன். உங்களுக்கு எடிசனிலிருந்து 287 நெடுஞ்சாலையில் வடக்கே வரவேண்டும். பிறகு ரூட் 23. சசெக்ஸ் தாண்டியதும் சாலை ஏற ஆரம்பிக்கும். நியூ ஜெர்சியிலேயே உயரமான இடமான ஹை பாயின்ட் அங்கேதான், 1,803 அடி. அதைத் தாண்டி இறங்கினால் போர்ட் ஜெர்விஸ். நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா மூன்றும் முட்டிக்கொள்கிற இடம்.

அங்கிருந்து ரூட் 97. சில மைல் போனதும் ஹாக்ஸ் நெஸ்ட் வளைவுகள் வரும். ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் இடுப்பளவுக் கல்சுவர், சுவருக்குக் கீழே டெலவேர் ஆறு. பாம்பு நெளிகிற மாதிரி போகும். கார் விளம்பரங்களுக்குப் படம்பிடிக்க வருகிற சாலை அது. பாரிவில் வரை 97, அங்கே வலதுபக்கம் திரும்பினால் ரூட் 55, அது வைட் லேக் என்கிற ஊரில் 17பி சாலையில் சேரும். 17பியில் மேற்கே கொஞ்ச தூரம், அப்புறம் ஹர்ட் சாலை. வந்தாயிற்று.

எனக்குப் போக ஏறத்தாழ 100 மைல். உங்களுக்கு இன்னும் முப்பது கூடும். நேரே ரூட் 17 வழியாகவும் போகலாம், நேரம் மிச்சம். ஆனால் பைக்கில் போவதே 97க்காகத்தான்.

மூன்று மாநிலத்திலும் ஹெல்மெட் கட்டாயம்.

11 ஜூன், மதியம்

விட்டுப்போனது: போர்ட் ஜெர்விஸில் டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். 55இல் ஏறிவிட்டால் காடும் ஏரியும்தான். மான்கள் வரும். ஒன்று குறுக்கே ஓடினால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டு நிதானியுங்கள். முதல் மான் போய்விட்டதே என்று ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிற நேரத்தில்தான் இரண்டாவது வரும்.

12 ஜூன், இரவு

புல் சரிவுக்கு முன்னால் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த விழாவின் பாதிக் கதை சாலைதான்.

விழா முதலில் வால்கில் என்ற ஊரில் நடப்பதாக இருந்தது. 1969 ஜூலை 15 அன்று அந்த ஊர் அனுமதி மறுத்துவிட்டது. விழாவுக்குச் சரியாக ஒரு மாதம். அதற்குள் வேறு இடம் பிடித்து, மேடை, தண்ணீர், கழிப்பறை, வேலி எல்லாம் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் நேரம் போதவில்லை. மேடையா வேலியா என்று வந்தபோது மேடையைக் கட்டினார்கள். டிக்கெட் முன்பதிவில் 18 டாலர், மூன்று நாளுக்கும் சேர்த்து. 1,86,000 டிக்கெட் முன்னதாகவே விற்றிருந்தது. ஆனால் வாசல் கட்டி முடிப்பதற்குள் மக்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இலவசம் என்று அறிவித்தார்கள். பெத்தல் ஊர்க்காரர்களிடம் சொல்லியிருந்த கணக்கு 50,000 பேர். வந்தது 4 லட்சத்துக்கும் மேல்.

அதில் பெரும்பாலோர் வந்தது 17பி வழியாக. இருபுறமும் ஒவ்வொரு தடம், இப்போதும் அதே சாலைதான். மைல்கணக்கில் கார்கள் நின்றுவிட்டன. நின்ற இடத்திலேயே காரை விட்டுவிட்டு நடந்தார்கள். பாட வந்தவர்களாலும் உள்ளே வர முடியவில்லை, ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

2022இல் நான் போனது ஒரு புதன்கிழமை. அந்த 17பியில் எனக்கு முன்னால் ஒரு பால் லாரி, எனக்குப் பின்னால் யாருமில்லை. ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் மட்டும். இந்தச் சாலையா அடைத்துக்கொண்டது என்று ஓட்டிக்கொண்டே நினைத்தேன். அருங்காட்சியகத்துக்குள் போவதற்கு முன்பே எனக்கு அங்கே கதை தொடங்கிவிட்டது. அதனால்தான் உங்களிடம் பைக்கில் போங்கள் என்கிறேன். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனால் இது தெரியாது.

13 ஜூன், காலை

ஒருவர் கேட்டிருக்கிறார்: அமெரிக்க ஹிப்பிகள் கூடிய விழா, நமக்கு என்ன இருக்கிறது அதில்?

இருக்கிறது ஐயா. அந்த விழாவைத் தொடங்கி வைத்தவர் கோயம்புத்தூர்க்காரர். சுவாமி சச்சிதானந்தர். 1914இல் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர், இயற்பெயர் ராமசாமி. நான் பொள்ளாச்சிப் பக்கம். சின்ன வயதில் செட்டிப்பாளையம் என்றால் எங்களுக்கு ஒரு பேருந்து நிறுத்தம். பைக் பைத்தியம் பிடித்த பிறகு செட்டிப்பாளையம் என்றால் காரி மோட்டார் ஸ்பீட்வே, பந்தயத் தடம். பெத்தலில் ஒரு சுவரில் அவருடைய படத்தைப் பார்த்தபோதுதான் மூன்றாவதாக ஒரு செட்டிப்பாளையம் எனக்குக் கிடைத்தது. நீண்ட தாடி, காவி உடை, மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரில் கண்ணுக்கு எட்டும் வரை தலைகள்.

இன்னொன்று. சந்நியாசம் வாங்குவதற்கு முன்னால், வேளாண் கல்லூரியில் படித்துவிட்டு, அவர் கொஞ்ச காலம் குடும்ப நிறுவனத்தில் வேலை பார்த்தார். அந்த நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? மோட்டார் சைக்கிள் இறக்குமதி! இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. அதற்குப் பிறகு 1949இல் ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் துறவு, இலங்கையில் பல ஆண்டுகள் ஆசிரமப் பணி, 1966இல் ஓவியர் பீட்டர் மேக்ஸின் அழைப்பில் நியூயார்க். மூன்று ஆண்டு கழித்து அந்த மேடை.

13 ஜூன், இரவு

மேலே எழுதியதில் பிழை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. விழாவை ‘தொடங்கி வைத்தவர்’ என்று எல்லோரும் சொல்கிற மாதிரி நானும் சொல்லிவிட்டேன். மேடையில் முதலில் ஏறியது ரிச்சி ஹேவன்ஸ், வெள்ளிக்கிழமை மாலை 5:07க்கு. முதலில் பாட வேண்டியவர்கள் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். கையில் கிட்டாரோடு தயாராக நின்றவர் இவர், ஏற்றிவிட்டார்கள். கொண்டுவந்த பாட்டெல்லாம் தீர்ந்த பிறகும் “இன்னொன்று, இன்னொன்று” என்றதால், ‘விடுதலை’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு, பழைய கறுப்பின மக்கள் பாடல் ஒன்றோடு சேர்த்து அங்கேயே ஒரு பாட்டைக் கட்டிவிட்டார். அவருக்குப் பிறகுதான் சுவாமி பேசினார். இசைதான் அண்டம் முழுவதையும் ஆள்கிற ஒலி, பொருளால் உலகுக்கு உதவுகிற அமெரிக்கா இனி ஆன்மிகத்தாலும் உதவ வேண்டும் என்கிற பொருளில் பேசி, கூட்டத்தை ஓம் சொல்ல வைத்தார்.

தான் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பாடியதாக ஹேவன்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவுகளை வைத்துப் பார்த்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்கிறார்கள். இதில் யார் சரி என்று நான் சண்டை போட மாட்டேன். மேடையில் தனியாக நின்றவருக்கு அது மூன்று மணி நேரமாகத்தான் இருந்திருக்கும். 2013இல் அவர் இறந்த பிறகு அவருடைய சாம்பலை அந்தச் சரிவின் மேல்தான் விமானத்திலிருந்து தூவினார்கள். அடுத்த முறை அந்தப் புல்லில் காலை வைக்கும்போது இதையும் நினைத்துக்கொள்வேன்.

15 ஜூன்

சித்தார் மேதை ரவிசங்கரும் அங்கே வாசித்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அதே வெள்ளி இரவு, மழையில். தபேலாவுக்கு அல்லா ரக்கா. ஆனால் அவருக்கு அந்த அனுபவம் பிடிக்கவில்லை. போதையும் சேறுமாகக் கிடந்த கூட்டத்தைப் பார்த்து, நம் ஊரில் சேற்றில் கிடக்கும் எருமைகள் ஞாபகம் வந்ததாகச் சொன்னார்.

முதலில் இது எனக்குக் கோபத்தைத் தந்தது. அமைதிக்கும் அன்புக்கும் கூடிய கூட்டத்தை இப்படியா சொல்வது என்று. இப்போது அவர் பக்கமும் புரிகிறது. சித்தாரில் ஆலாபனை எடுக்கிறவருக்கு எதிரே ஒரு ஆளாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும். மழையில் தந்தி இறங்கும், சுருதி நிற்காது. அந்த நிலையில் வாசித்து முடித்ததே பெரிது. அவர் சொன்னதையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அந்த விழாவை நேசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. இரண்டு உயிர்கள் போனதையும் சேர்த்துத்தான். ஒருவர் போதை மருந்தால் இறந்தார். இன்னொருவன் பதினேழு வயதுப் பையன், தூக்கப் பைக்குள் படுத்திருந்தவன் மேல் டிராக்டர் ஏறிவிட்டது. என் மகனுக்கு இப்போது பதினாறு.

16 ஜூன்

தம்பி எழுதியிருக்கிறார்: சனிக்கிழமை மழை என்று பயணத்தைத் தள்ளிவிட்டாராம். நல்ல முடிவு. 21ஆம் தேதி நானே வருகிறேன், சேர்ந்து போவோம்.

18 ஜூன்

ஹெல்மெட் பற்றி நான் எழுதியதும் தப்பு. நியூ ஜெர்சி, நியூயார்க் இரண்டிலும் எல்லோருக்கும் கட்டாயம். பென்சில்வேனியாவில் 21 வயது நிரம்பி, இரண்டு வருட அனுபவமோ அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புப் பயிற்சியோ இருந்தால் போடாமல் ஓட்டலாம். பாலம் தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். நாம் கழற்ற வேண்டாம்.

20 ஜூன், இரவு

செயினுக்கு எண்ணெய் போட்டாயிற்று. டயர் காற்று பார்த்தாயிற்று. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், முந்தக் கூடாது, நான் முன்னால் போவேன். சாப்பாடு நான் கொண்டு வருகிறேன். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். வீட்டில் மூன்று பேருக்கு இருக்கிற மாதிரி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வழியில் எதுவும் சாப்பிடக் கிடைக்காது என்று அவர்களுக்குப் பயம்.

22 ஜூன்

போய் வந்தோம். முதுகு வலிக்கிறது. எழுதிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

ஏழு மணிக்குப் பார்சிப்பனி. தம்பியை நேரில் பார்ப்பது முதல் முறை. இருவரும் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தோம். என்னுடையது ராயல் என்ஃபீல்டு 650. சென்னைக்குப் பக்கத்தில் செய்து கப்பலேறி வந்த வண்டி. இங்கே ‘இன்டர்செப்டர்’ என்ற பெயரை ஹோண்டா வைத்திருப்பதால் ஐஎன்டி 650 என்று விற்கிறார்கள். அவருடையது ஜப்பான் வண்டி, என்னுடையதைவிடச் சத்தம் குறைவு.

ஹாக்ஸ் நெஸ்ட்டில் மூன்றாவது வளைவில் சாலையோரம் பொடிக்கல் சிதறிக் கிடந்தது. நான் இடது கையைக் கீழே நீட்டிக் காட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் தம்பி வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கழுத்தை வளைவின் முடிவு நோக்கித் திருப்பி, அழகாக உள்ளே வந்தார். ஒரு வருட அனுபவத்துக்கு அது பெரிய விஷயம். பெரும்பாலோர் பயந்த இடத்தையே பார்ப்பார்கள், வண்டியும் அங்கேயே போகும். பார்வை நிறுத்தத்தில் இறங்கிக் கல்சுவரில் கையை ஊன்றி ஆற்றைப் பார்த்தோம். கல் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. கீழே மூன்று சிவப்புப் படகுகள், தீக்குச்சி அளவுக்கு.

பாரிவில்லில் திரும்பாமல் இன்னும் நாலு மைல் போய் ரோப்லிங் பாலத்தைக் காட்டினேன். புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த அதே ஜான் ரோப்லிங், அதற்கு முன் 1840களில் கட்டியது. வண்டி போவதற்காகக் கட்டியதில்லை. நிலக்கரிப் படகுகள் போகும் கால்வாயையே ஆற்றின் மேல் தூக்கிக்கொண்டு போன பாலம். ஆற்றுக்கு மேலே தண்ணீர், அதில் படகு. இன்று அதில் ஒற்றைத் தடமாகக் கார் போகிறது. தம்பிக்கு அங்கிருந்து கிளம்ப மனமில்லை.

17பியில் திரும்பியபோது தம்பி என் பக்கத்தில் வந்து, கையை விரித்து, காலிச் சாலையைக் காட்டினார். நான் தலையாட்டினேன். என் 12ஆம் தேதிக் குறிப்பை அவர் படித்திருக்கிறார்.

அருங்காட்சியகத்தைப் பற்றி. ஆலன் ஜெர்ரி என்ற கேபிள் தொழிலதிபர் 1996இல் அந்த நிலத்தை வாங்கினார். 2008இல் அருங்காட்சியகம் திறந்தது. முதல் பகுதி முழுக்க 1960கள்: வியட்நாம் போர், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், அந்தக் காலத் தொலைக்காட்சி. போன முறை நான் அதை வேகமாகத் தாண்டிவிட்டேன். இந்த முறை தம்பி போர்ப் பகுதியில் நின்றுவிட்டார். அந்த வயதுப் பையன்களைத்தான் போருக்கு அழைத்தார்கள், அதே வயதுப் பையன்கள்தான் அந்தச் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் அந்த அறைகள் ஏன் முன்னால் இருக்கின்றன என்று எனக்கு உறைத்தது. மூன்று வருடம் தாமதமாக.

நடுவில் வண்ணம் பூசிய பேருந்து ஒன்று நிற்கிறது. அப்புறம் யாஸ்கரைப் பற்றிய பகுதி. எனக்கு அந்த விழாவின் நாயகன் இவர்தான். 49 வயது, இதய நோயாளி, பழமையில் பிடிப்புள்ள குடியரசுக் கட்சிக்காரர். இவர் நிலம் கொடுத்தார் என்று தெரிந்ததும், இவரிடம் பால் வாங்காதீர்கள் என்று ஊரில் பலகை வைத்தார்கள். இளைஞர்களின் பேச்சிலும் உடையிலும் அவருக்கு உடன்பாடில்லை. ஆனால் கூடுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்று நின்றார். கூட்டம் வந்த பிறகு யாரோ குடிதண்ணீரைக் காசுக்கு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ‘தண்ணீர் இலவசம்’ என்று தன் கொட்டகையில் பெரிதாக எழுதி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவரை மேடையேற்றினார்கள். தான் ஒரு விவசாயி, இருபது பேர் முன்னால்கூடப் பேசிப் பழக்கமில்லை என்றுதான் தொடங்கினார். அதற்குப் பிறகு நாலு வருடம்கூட அவர் உயிரோடு இல்லை. 1973இல் போய்விட்டார்.

வெளியே வந்து சரிவுக்குப் போனோம். ஒரு பெரிய வாணலியைப் பாதியாக வெட்டிச் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும். அடியில் மேடை இருந்த இடம். நான் தம்பியைக் கீழே நிறுத்திவிட்டு மேலே ஏறிப் போய் உட்கார்ந்தேன். அவர் கத்தவில்லை, சாதாரணமாக ஒரு தரம் இருமினார். எனக்குக் கேட்டது. அப்புறம் ‘அண்ணா’ என்றார், அதுவும் கேட்டது. ஒலிபெருக்கி இல்லாமல் அவ்வளவு தூரம்! அந்த நிலத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எந்தப் பலகையும் இப்படி விளக்காது. அதனால்தான் புல்லைப் பார்க்கப் போங்கள் என்கிறேன்.

புளிசாதம் சாப்பிட்டது பற்றித் தனியாக எழுத வேண்டும். கண் சொக்குகிறது.

23 ஜூன்

சரி, புளிசாதம்.

சரிவுக்குப் போவதற்கு முன்னால் உள்ளே ஒரு தன்னார்வலர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தோம். எழுபத்தைந்து வயது. 1969இல் பத்தொன்பது. விழாவுக்கு வந்தவர். மான்டிசெல்லோ தாண்டியதும் தோழியின் கார் நின்றுவிட்டது. அங்கிருந்து நடந்திருக்கிறார், செருப்பு அறுந்து வெறுங்காலோடு. யார் பாடியதைக் கேட்டீர்கள் என்று தம்பி ஆவலாகக் கேட்டார். அவருக்குப் பாட்டு அவ்வளவாக நினைவில்லை. வெள்ளி இரவு இருட்டில், மழையில், தூரத்தில் ஏதோ ஒரு தந்தி வாத்தியம் கேட்டதாம். அது ரவிசங்கர் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்ததாம். ஆனால் சாலையோரம் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண்மணி அவித்த முட்டையைத் துணியில் சுற்றி அவர் கையில் வைத்தது நினைவிருக்கிறது. உப்பு இருந்ததா என்று நான் கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. ஒரு காகிதப் பொட்டலத்தில் உப்பும் கொடுத்தார் என்று சொல்லி, விரலால் அந்தப் பொட்டலத்தின் அளவைக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவு.

அந்த மூன்று நாளும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. கடைகளில் இருந்தது எல்லாம் தீர்ந்துவிட்டது. ஹாக் ஃபார்ம் என்ற, ஒன்றாகச் சேர்ந்து வாழ்ந்த ஹிப்பிக் குழுவினர் பெரிய பாத்திரங்களில் தானியம் வேகவைத்துக் கொடுத்தார்கள். மான்டிசெல்லோ யூத சமூக மையத்துப் பெண்கள் சாண்ட்விச் செய்து அனுப்பினார்கள். இந்தக் கூட்டம் வேண்டாம் என்று சொன்ன அதே ஊர்க்காரர்கள் வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து வந்தார்கள். பசியோடு நாலு லட்சம் பேர் இருந்தும் பெரிய கலவரம் எதுவும் இல்லாமல் முடிந்ததற்கு இசை மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. எங்கள் பக்கம் மாரியம்மன் நோன்பில், நடந்து வருகிறவர்களுக்குச் சாலையோரம் மோரும் பானகமும் கொடுத்து வளர்ந்தவன் நான். கேட்காமலே கையில் வைத்துவிடுவோம். அந்த அம்மாவின் முட்டை எனக்கு வேறு நாட்டுக் கதையாகத் தெரியவில்லை.

டிபன் பாக்ஸில் மூன்றாவது ஆளுக்கும் இருந்தது. அவருக்கு வேலை முடிகிற நேரம், வெளியே பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். வேர்க்கடலையைத் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில் தின்றார். எங்கள் அம்மாவும் அப்படித்தான் தின்பார்.

24 ஜூன்

மரம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த மரம் இப்போது இல்லை.

வந்தவர்கள் ஒருவரையொருவர் தொலைத்துவிட்டால் தேட வழியில்லை. சரிவுக்குப் பக்கத்தில், ஹர்ட் சாலையும் வெஸ்ட் ஷோர் சாலையும் சேரும் இடத்துக்கு அருகே ஒரு சிவப்பு மேப்பிள் மரம். அதில் சீட்டு எழுதிக் குத்தி வைத்தார்கள். இன்ன இடத்தில் இருக்கிறேன், இத்தனை மணிக்கு வா, என்கிற மாதிரி. செய்தி மரம் என்றே அதற்குப் பெயர். 2022இல் நான் அதன் கீழே நின்றேன். பட்டையில் ஆழமான வெடிப்பு, ஒரு பக்கக் கிளையில் இலை குறைவு. பழைய குண்டூசி ஏதாவது இருக்கிறதா என்று அசட்டு ஆசையில் பட்டையைத் தடவிப் பார்த்தேன். மழை பெய்து நனைந்திருந்தது. கையில் பாசிப் பச்சை ஒட்டியது.

மரம் நோய்ப்பட்டு, விழுந்துவிடும் நிலையில் இருந்ததால் 2024 செப்டம்பரில் வெட்டிவிட்டார்கள். மரக்கட்டையைக் கலைஞர்களிடம் கொடுத்து அதில் புதிய படைப்புகள் செய்ய ஏற்பாடு நடந்தது. வெட்டியது சரிதான், யார் தலையிலும் விழக்கூடாது. ஆனால் சனிக்கிழமை தம்பியிடம் “இங்கேதான்” என்று கையை நீட்டியபோது, கை போன இடத்தில் வானம் இருந்தது. அப்போது கொஞ்சம் தொண்டை அடைத்தது. 2022இல் ஒரு படம்கூட எடுக்கவில்லை நான்.

25 ஜூன்

அருங்காட்சியகம் அமைதியாக, ஏசி குளிரில், எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறதே, அந்தச் சேற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்கிறார். 2022இல் எனக்கும் அதே குறை இருந்தது. இப்போது எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. இந்த நிலத்தில் வீடுகள் வந்திருக்கலாம். வரவில்லை. 2017இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்துவிட்டது. 2018இல் பிங்காம்டன் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் குழு வந்து, மேடை எங்கே இருந்தது, வேலிக் கம்பங்கள் எங்கே நட்டிருந்தன என்று மண்ணைக் கீறிப் பார்த்தது. நம் கீழடியில் செய்கிற அதே வேலை. ஐம்பதே வருடத்தில் ஒரு மேடை எங்கே இருந்தது என்பது மறந்துபோய், மண்ணிடம் கேட்க வேண்டியிருக்கிறது. வந்தவர்களின் நினைவுகளையும் அருங்காட்சியகம் ஒவ்வொருவராகத் தேடிப் பதிவு செய்துவருகிறது. அந்த அம்மாவின் உப்புப் பொட்டலமும் அதில் இருக்க வேண்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

27 ஜூன்

கிளம்பும் நேரம் பற்றி: கோடையில் மாலை நேரம் அங்கே திறந்தவெளி அரங்கில் கச்சேரி இருக்கும். அந்த நாட்களில் நாலு மணிக்கு முன்னால் 17பியை விட்டுவிடுங்கள். நாங்கள் மான்டிசெல்லோ வழியாக ரூட் 17 பிடித்துத் திரும்பினோம். இருட்டில் 97 வேண்டாம். மான்.

29 ஜூன்

நேற்று அப்பாவுக்குப் போன் செய்தபோது இதையெல்லாம் சொன்னேன். அவர் முப்பது வருடம் புல்லட் ஓட்டியவர். சுவாமி மோட்டார் சைக்கிள் இறக்குமதி வேலை பார்த்தார் என்றதும், “என்ன வண்டி?” என்று உடனே கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்ல, “நான் விசாரிக்கிறேன், செட்டிப்பாளையம் இங்கேதானே இருக்கிறது” என்றார். 78 வயது. வெயில் தாழ்ந்ததும் பேரனை வண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறாராம்.

தம்பி, இலை நிறம் மாறுகிறபோது இன்னொரு முறை போவோம் என்றீர்களே. அக்டோபர் முதல் சனிக்கிழமை, காலை ஏழு மணி, அதே இடம். அந்த அம்மா அன்றைக்கு வேலையில் இருக்கிறாரா என்று முன்னாலேயே கேட்டு வைக்கிறேன். வேர்க்கடலை கொஞ்சம் அதிகமாகப் போடச் சொல்ல வேண்டும்.